காசு என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். நாம் புலவர் அல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். காசை எண்ணுவதே எமது தொழில். எண்ணிய காசைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்ததும் உண்டு. அதனால் 'காசு' என்ற சொல்லையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம்.

இப்பொருளை எடுத்ததற்கு மற்றுமொரு காரணம் உண்டு. அது நாம் செய்த ஒரு பிழை. சபையின் முன் அதனை ஒப்புக்கொண்டு மேலே செல்வதே முறை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள், அலுவலகத்தில் தேநீர் அருந்தும் வேளையில், உலக மொழிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "ஆங்கிலேயன் 'கேஷ்' என்கிறானே, அது எங்கள் காசிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது" என்று நாம் மார்தட்டிக் கூறினோம். எங்கோ ஒரு மேடையில் கேட்டது அது, ஆராய்ந்து அறிந்ததன்று. அருகிருந்த மூத்த வங்காள அன்பர் ஒருவர் புன்னகை செய்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. அத்துடன் நின்றிருந்தால் தீங்கில்லை. அன்று மாலை அதனையே வீட்டில் எமது மகளிடமும் பெருமையுடன் சொன்னோம். அவள் அதனைத் தன் பள்ளிக் கட்டுரை ஒன்றில் எழுதிவிட்டாள். ஆசிரியை அகராதியை விரித்து, 'கேஷ்' என்பது பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது என்று வகுப்பில் காட்டியிருக்கிறார். உடன் படிக்கும் பிள்ளைகள், "உங்களுக்கு எல்லாமே தமிழிலிருந்துதான் வந்ததோ?" என்று நகைத்திருக்கின்றனர்.

குழந்தை வீடு திரும்பி எம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்பா, நீங்கள் பார்த்துவிட்டுத்தானே சொன்னீர்கள்?"

எமக்கு விடை கூற நா எழவில்லை. அவ்வாண்டுச் சங்க விழாவில் திருக்குறள் ஒப்பிக்க அவள் பெயர் கொடுக்கவில்லை. தாய் எவ்வளவோ சொல்லியும் மேடையேற மறுத்துவிட்டாள். அயல்நாட்டில் அன்று, நம் நாட்டிலேயே வேற்று மொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மனோர்க்கு அது எத்தகைய இழப்பு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதன் பின்னரே அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தின் படிகளை நாம் ஏறத் தொடங்கினோம். அங்கே பல விடுமுறை நாட்களில் படித்துத் தெரிந்துகொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

காசு மணியாக இருந்த காலம்

இன்று காசு என்றால் நாணயம். பழந்தமிழிலோ, கோவையாகக் கோத்து அணியும் பொன்மணிக்கும் காசு என்பது பெயர். மகளிர் இடையில் அணிந்த மேகலையில் காசுகள் கோத்திருந்ததாகச் சங்கச் செய்யுட்கள் கூறும். அப்பொருள் முற்றும் மறைந்துவிட்டதாகக் கருத வேண்டா. இவ்வவையிலுள்ள தாய்மார் பலர் பேழைக்குள் பத்திரப்படுத்தியிருக்கும் காசுமாலை அப்பழைய வழக்கின் எச்சமே. நாணயம் அணியாகி, அணி நாணயமாகி, இரண்டும் பொன்னாகவே இருந்த காலத்தை அம்மாலை நினைவூட்டுகின்றது.

யாப்பிலக்கணம் கற்றோர்க்கு மற்றோர் இடமும் நினைவுக்கு வரும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். திருக்குறள் 1330 பாக்களும் இந்நான்கில் ஒன்றைக் கொண்டே முடிகின்றன. மாணவன் தன் வாழ்நாளில் ஒரு காசும் சேர்க்காது போயினும், வெண்பா ஒன்று இயற்றக் காசு வேண்டும் என்று எமது தமிழாசிரியர் வேடிக்கையாகக் கூறுவார்.

சோழப் பேரரசர் காலத்தில் காசு என்பது பெரும்பாலும் பொன் நாணயம். தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அக்கோயிலுக்கு அளித்த காசுகள் ஊர்ச் சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் வட்டியிலிருந்து விளக்கும் அமுதும் விழாவும் நடைபெற்றன. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி என்று கல்லில் வெட்டியிருக்கின்றனர். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வாங்கிய சபையின் பெயர், தொகை, வட்டி, அதனால் நடைபெற வேண்டிய பணி ஆகிய நான்கும் சுவரில் உள்ளன. நாள்தோறும் கணக்கு முடித்துக் கையெழுத்திடும் எம்போன்ற எழுத்தனுக்கு இதனைவிட நெஞ்சு நிறையும் செய்தி வேறில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் தணிக்கை செய்யத்தக்க கணக்கு அது!

வாசி தீர்ந்த காசு

காசைப் பற்றிய கதைகளுள் தலையாயது திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகப் பெரிய புராணம் கூறுவது. நாட்டில் பஞ்சம் வந்தது. அவ்வூரில் தங்கியிருந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார்க்கு உணவளிக்கும் பொருட்டு, இறைவன் அவ்விருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினான். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு ஒன்று; மேற்குப் பீடத்தில் நாவுக்கரசருக்கு ஒன்று. இதுவே படிக்காசு எனப்படுவது.

ஆயினும், நாவுக்கரசர் மடத்தில் உரிய காலத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் பொழுது தாழ்ந்தது. காரணம் உசாவியபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைத்தெருவில் வணிகர் வட்டம் கேட்கின்றனர் என்றும், மாற்றிப் பண்டம் பெற நேரம் ஆகிறது என்றும் பணியாளர் விடை பகர்ந்தனர். நாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தி மெய்வருந்தித் தொண்டு செய்தவர். ஆதலின் அவர் காசு தடையின்றிச் சென்றது என்பது புராணம் தரும் விளக்கம். பின்னர்ச் சம்பந்தர், காசின் வாசியை நீக்கியருள வேண்டிப் பதிகம் பாடினார். வாசி தீர்ந்த நற்காசு கிடைத்தது.

'வாசி' என்பது நாணயத்தின் முகமதிப்புக்கும் கடையில் அதற்குக் கிடைக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. வட்டம் என்றும் கூறுவர். அரசன் முத்திரையோ ஆண்டவன் அருளோ இருப்பினும், கடைத்தெரு ஐயுற்றால் காசு தயங்கியே நிற்கும். இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். அண்மைக் காலத்தில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று வதந்தி பரவித் தமிழ்நாட்டிலும் வங்கத்திலும் கடைக்காரர் பலர் அதனை வாங்க மறுத்ததை அறிவோம். ரிசர்வ் வங்கி 2018ஆம் ஆண்டு சனவரியில், பதினான்கு வடிவங்களில் வெளிவந்த அந்நாணயங்கள் யாவும் செல்லும் என அறிவித்தது. அதன் பின்னரும் எமது சாளரத்தில் மீதிச் சில்லறையாக அதனைக் கொடுத்தால் முகம் சுளித்தவர் உண்டு. திருவீழிமிழலைக் கடைத்தெரு இங்கும் இருக்கிறது!

பொன்னிலிருந்து செம்புக்கு

பொன்னாக இருந்த காசு, காலப்போக்கில் செம்பாக இறங்கி, நாணயங்களுள் கடைசிச் சிறு நாணயத்தின் பெயராயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் வாணிகம் நடத்திய காலத்தில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என வைக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்ப்பின் ரூபாய்க்கு 960 காசு ஆகும். வகுத்துப் பார்த்துச் சரியா என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லட்டும்.

அக்காசுகளுள் சில நம் நாட்டில் அடிக்கப்பட்டனவல்ல. 1803ஆம் ஆண்டும் 1808ஆம் ஆண்டும் பொறித்த சென்னைக் காசுகள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே போல்ட்டன் என்பாரின் நாணயசாலையில் நீராவி இயந்திரங்களால் அடிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தன. பத்துக்காசு நாணயத்தில் ஒருபுறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பத்துக் காசு இரண்டு பலூசுக்குச் சமம் என்னும் பாரசீக வாசகம். 'காசு' என்ற நம் சொல் அப்பாரசீக எழுத்திலும் இருக்கிறது. 1809ஆம் ஆண்டு சனவரியில், 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல் இக்காசுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்தின் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கியது. நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேல் கடலடியில் கிடந்த அக்காசுகள், 1980களில் இலட்சக்கணக்கில் மீட்கப்பட்டன. தமிழ்நாட்டுச் சந்தையில் கீரையும் உப்பும் வாங்கப் புறப்பட்ட காசு, இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்போர் கையில் இருக்கிறது.

காசின் இனத்தைச் சேர்ந்த பிற சிறு நாணயச் சொற்களும் நம் வீடுகளில் உண்டு. துட்டு என்பது ஒல்லாந்தரின் செப்பு நாணயமாகிய 'தொய்ட்' என்பதிலிருந்து வந்தது. அவர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்டனர். பழவேற்காட்டிலும் தூத்துக்குடியிலும் இருந்தனர். அதே சொல் மலாய் மொழியிலும் சென்று இன்றும் அங்கே பணத்தைக் குறிக்கின்றது. ஆகவே தூத்துக்குடித் தமிழரும் மலாய்க்காரரும் துட்டு என்னும் சொல்லில் உறவினர். சல்லி என்பது மிகச் சிறு காசு. காளையின் கொம்பில் கட்டிய சல்லிக்காசை அவிழ்ப்பதாலேயே சல்லிக்கட்டு என்பர். தம்பிடி என்பது அணாவில் பன்னிரண்டில் ஒன்று, ரூபாய்க்கு 192.

நாகர்கோயில் பக்கத்தினின்றும் வந்த குடும்பத்தினர் திருவிதாங்கூர்க் கணக்கைப் பாட்டனாரிடம் கேட்டிருப்பர். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். அங்கே ரூபாய்க்கு 448 காசு. புதுக்கோட்டை மன்னர்களோ தங்கள் குலதெய்வமாகிய பிரகதாம்பாள் உருவம் பொறித்து அம்மன் காசு என வெளியிட்டனர். பின்புறத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு அக்காசையும் ஏழைகட்கு வழங்குவது அச்சமஸ்தானத்து வழக்கம். காளி கோயிலின் நிழலில் வாழும் நமக்கு, காசில் அம்மை குடியிருந்தாள் என்ற செய்தி இனிப்பதில் வியப்பில்லை.

நாம் வாழும் ஊரின் காசு

நிற்க. பிறந்த நாட்டைப் பேசிப் புகுந்த நாட்டை மறத்தல் நன்றன்று. நாம் கூடியிருக்கும் இக்காளிகாட்டிலேயே 1783ஆம் ஆண்டில் ஒரு புதையல் வெளிப்பட்டது. ஒரு கலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. அவை வாரன் ஹேஸ்டிங்ஸ் கைக்குச் சென்றன; அவர் 172 காசுகளை இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பினார். பிற்காலக் குப்த அரசர்களின் காசுகள் அவை. சில பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதலான இடங்களைச் சேர்ந்தன. நாம் நாள்தோறும் மீன்காரரைக் கடந்தும் டிராம் தண்டவாளத்தைக் கடந்தும் நடக்கும் இம்மண்ணில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு உறங்கிக் கிடந்தது.

ஆயினும் வங்கத்து ஏழைகளின் காசு பொன்னன்று, சோழி. மாலத்தீவுகளினின்று கப்பலில் வந்த சோழியே இங்கே சிறு நாணயம். சில்ஹெட் பகுதியில் நிலவரியையே சோழியாகக் கட்டினர். நான்கு சோழி ஒரு கண்டா. இருபது கண்டா ஒரு பண். பதினாறு பண் ஒரு காஹன். அதாவது 1280 சோழி. இன்றும் வங்காளியர் பணத்தை 'டாகா-கொடி' என்று இணைத்துக் கூறுவர். அங்குள்ள 'கொடி' சோழியே. தமிழில் அதனைப் பலகறை என்பதும் உண்டு.

இவற்றுள் 'காஹன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அது 'கார்ஷாபணம்' என்னும் பழைய நாணயப் பெயரின் சிதைவு. நம் காசு என்பதையும், 'கர்ஷம்' என்னும் எடைப் பெயரோடு தொடர்புடையதாக அகராதியாளர் காட்டுவர். அவ்வாறாயின், தமிழன் காசும் வங்காளியின் காஹனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அடுத்த வீட்டாரோடு நமக்குச் சோற்றிலும் மீனிலும் மட்டுமன்றிச் சொல்லிலும் உறவு உண்டு.

உண்மை எது?

இப்பொழுது எமது பிழைக்கு மீண்டும் வருவோம். ஆங்கிலத்தில் 'கேஷ்' என எழுதும் சொற்கள் இரண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் வழியே வந்தது. பணம் வைக்கும் பெட்டி, பின்னர்ப் பெட்டியில் உள்ள பணத்திற்குப் பெயராயிற்று. இதற்கும் நமக்கும் தொடர்பில்லை. ஆசிரியை சொன்னதே சரி.

மற்றொரு 'கேஷ்' உண்டு. அது சிறு செப்பு நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு! போர்த்துக்கீசியர் நம் கரையில் காசு என்று கேட்டதைத் தம் நாவுக்கு இசையக் 'கைஷா' என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயராதலின் அது எளிதாயிற்று. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்றனர். 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் சொற்களஞ்சியம் இதனை விளக்குகிறது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

வியப்பு இனிமேல்தான் உள்ளது. கீழ்க்கடலில் வாணிகம் செய்த ஐரோப்பியர், சீனத்தில் நடுவே சதுரத் துளையிட்ட செப்பு நாணயத்தைக் கண்டபோது அதற்கும் இப்பெயரையே இட்டனர். சீனர் அதனைத் தம் மொழியில் வேறு பெயரால் வழங்கினர். ஆங்கில நூல்களிலோ அது இன்றளவும் 'கேஷ்'தான். கயிற்றில் கோத்து ஆயிரம் ஆயிரமாகச் சீனர் எண்ணிய நாணயத்திற்கு உலகம் அறிந்த பெயர், தமிழகத்துக் கடைத்தெருப் பெயர்!

நாம் பொய்யாகக் கூறிய பெருமை சிறிது. மெய்யாக இருந்த பெருமை பெரிது. வாசி உள்ள காசைக் கொடுத்து ஏமாந்தோம். வாசியில்லாக் காசு பெட்டிக்குள்ளேயே இருந்தது. தேடும் சோம்பலால் அதனைக் காணாதிருந்தோம். ஒரு தவறான பெருமையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால், அதனை வெளியில் மாற்றப்போவது நாம் அல்லோம். அப்பிள்ளைதான் கடைத்தெருவில் நின்று தலைகுனிய நேரும். அதனோடு அவள் கையில் இருக்கும் நற்காசையும் பிறர் ஐயுறுவர். மகள் மேடையேற மறுத்த அந்த ஆண்டு எமக்குக் கற்பித்த பாடம் இது.

அலுவலகத்து வங்காள அன்பரிடமும் இவ்விரண்டு சொற்களின் வரலாற்றைச் சென்று கூறினோம். "அன்றே தெரியும், நீங்களாகவே கண்டுபிடிப்பீர்கள் என்று இருந்துவிட்டேன்" என்றார். பிறகு, சோழிக் கணக்கை எமக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டியவரும் அவரே.

முடிவாக ஒரு வேண்டுகோள்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அணாவும் தம்பிடியும் விடைபெறத் தொடங்கின; நயா பைசா வந்தது; 1964இல் 'நயா' உதிர்ந்து பைசா நின்றது. 2011ஆம் ஆண்டு சூன் 30உடன் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாதனவாயின. இப்பொழுது கடைகளில் கட்டங்கள் நிறைந்த அட்டையைக் கைப்பேசிக்குக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். நாணயத்தின் ஒலியே கேளாத ஒரு தலைமுறை வளர்கின்றது. நாணயம் போகலாம்; அது காலத்தின் கட்டளை. ஆனால் செல்லாக்காசு, அம்மன் காசு, காசுமாலை, படிக்காசு ஆகிய சொற்கள் போக வேண்டுவதில்லை. அவற்றைச் செல்லுபடியாக்கும் நாணயசாலை நம் வீட்டுக் கூடமே.

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்தாரையும் வேண்டுகிறோம். ஊருக்குச் செல்லும்போது முதியோரிடம் இச்சிறு நாணயங்களின் பெயரையும் கணக்கையும் கேட்டு எழுதி வாருங்கள். பழங்காசு இருப்பின் அடுத்த ஆண்டு விழாவில் ஒரு மேசைமீது காட்சிக்கு வையுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இவ்வுரையை எழுதி முடித்ததும் எமது மகளிடம் படிக்கக் கொடுத்தோம். அவள் இப்போது கல்லூரிக்குச் செல்கிறாள். இரண்டு இடங்களில் ஓரத்தில் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று எழுதித் திருப்பித் தந்தாள். அவ்விரண்டு இடங்களையும் நீக்கிவிட்டே இங்கு வந்தோம். இன்று மாலை நாடகத்திற்கு முன் திருக்குறள் ஒப்பிப்போர் பட்டியலில், சிறுவர்களைப் பயிற்றுவித்தவர் என அவள் பெயர் அச்சாகி இருப்பதைக் காண்பீர்கள். எமக்கு அதுவே வாசியில்லாக் காசு.